இரண்டு அனுமதிகள்

‘யாரைக் கேட்டுப் போறே?’ நம் வீடுகளில் பெண்ணிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். வயதுக்கு ஏற்ப அதன் உருவம் மாறும். பதினைந்து வயதில் நேராகவே வரும். முப்பதில் ‘அவர் ஒண்ணும் சொல்லலையா?’ என்று வரும். நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு ‘பிள்ளைங்க சரின்னுட்டாங்களா?’ என்று வரும். பதிலாக ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். ‘என்னைத்தான் கேட்டேன்’ என்று சொன்னால் அதைத் திமிராகவோ வேடிக்கையாகவோ எடுத்துக்கொள்வார்கள்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் வேலை பார்க்கும் கல்லூரித் தோழியோடு, ஓர் அக்டோபரில் அவளுடைய காரிலேயே எட்டு நாள் பாலைநிலப் பள்ளத்தாக்குகளைச் சுற்றினேன். பீனிக்ஸ் நகரத்திலிருந்து கிராண்ட் கேன்யன், அங்கிருந்து பேஜ் என்ற சிற்றூர், பிறகு கேன்யன் டி ஷே. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடப்பதற்காகவே போட்ட பயணம். கிளம்பும் முன் மேலே சொன்ன கேள்வியை எல்லா உருவத்திலும் கேட்டுவிட்டேன். அம்மா தொலைபேசியில், “மாப்பிள்ளையும் வரலேன்னா, ரெண்டு பொம்பளைங்க போயி அந்தப் பள்ளத்தைப் பார்த்து என்ன பண்ணப் போறீங்க?” என்றாள். பள்ளத்தைப் பார்க்கக்கூட ஒரு மாப்பிள்ளை தேவைப்படுகிறார்.

சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம்தான். ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு நியாயமான வாதமும் ஒளிந்திருக்கிறது. உன்னை நம்பி ஆட்கள் இருக்கிறார்கள். அவசியமே இல்லாத ஓர் ஆபத்தில் உன் உயிரை வைக்க உனக்கு என்ன உரிமை? நம்மை நம்பியிருப்பவர்களுக்கு நம்மீது ஓர் உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. அந்த உரிமை எதுவரை என்பதுதான் கேள்வி.

முதலில், தகப்பனிடம் இந்த வாதம் வருவதில்லை. மலையேறப் போகும் ஆண், குழந்தைகளுக்குக் கதை கொண்டுவரப் போகிறவனாகப் பார்க்கப்படுகிறான். இரண்டாவது, பெண் ஆபத்தில் இறங்குவதை நம் சமூகம் உண்மையில் எதிர்ப்பதே இல்லை. பிரசவம் ஆபத்துதான், இரண்டாவது எப்போது என்றுதான் கேட்பார்கள். பட்டாசு ஆலையில் மருந்து நிரப்பப் போகும் பெண்ணை உயிர்மேல் ஆசையில்லாதவள் என்று யாரும் திட்டுவதில்லை. வீட்டுக்குப் பயன்படுகிற ஆபத்து என்றால் அதற்குத் தியாகம் என்று பெயர். அவளுடைய சந்தோஷத்துக்காக என்றால் பொறுப்பின்மை. ஆக, ஆபத்து பெரிதா சிறிதா என்பது இங்கே பேச்சே இல்லை. அவள் உயிர் யாருடைய உபயோகத்துக்கு என்பதுதான் பேச்சு.

என்னை நம்பியிருப்பவர்களுக்கு என்னிடம் கேட்க உரிமையுள்ள ஒன்று உண்டு: கவனம். ‘போதுமான தண்ணீர் எடுத்துப் போ, வெயிலுக்கு முன் கிளம்பு, திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பிவிடு’ என்று அவர்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். ‘போகாதே’ என்பது அந்த உரிமைக்குள் வராது. கவனத்தைக் கேட்பவர் என்னைப் பெரியவளாக மதித்துப் பேசுகிறார். தடுப்பவரின் பேச்சில் நான் அவருடைய பொருள்.

கிராண்ட் கேன்யனில் கவனம் என்பது மிகத் தெளிவான விஷயம். சாதாரண மலையில் தெம்பு இருக்கும்போது ஏறுகிறோம், களைத்தபின் இறங்குகிறோம். இங்கே தலைகீழ். விளிம்பிலிருந்து காலைக் குளிரில் சுலபமாக இறங்கிவிடலாம். களைத்து, வெயில் ஏறிய பிறகுதான் ஏற்றம் தொடங்கும். இறங்கிய நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஏறுவதற்கு வைத்துக்கொள்ள வேண்டும். கோடையில் அடிவாரத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். விளிம்பிலிருந்து ஆற்றுக்குப் போய் ஒரே நாளில் திரும்ப முயல வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் எல்லா இடத்திலும் எழுதி வைத்திருக்கிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் உடம்பில் உப்பு குறைந்து அதுவே ஆபத்தாகும். நாங்கள் உப்புக்கடலையும் முறுக்கும் புளியோதரையும் கட்டிக்கொண்டு போனோம். பிரைட் ஏஞ்சல் பாதையில் ஹவாசுபாய் கார்டன்ஸ் வரை இறங்கினோம். ஒரு வழிக்கு சுமார் 7 கிலோமீட்டர்; 900 மீட்டருக்கு மேல் இறக்கம். வழியில் இரண்டு ஓய்விடங்களில் கழிப்பறை உண்டு. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கும் ஆண்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். கழிப்பறை இருக்குமா என்ற கணக்கிலேயே தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்து பழகிய நமக்கு, பாலைநிலத்தில் தாகம் தீரக் குடிக்க முடிவதே ஒரு விடுதலை.

அந்தப் பாதையில் பயமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஒன்றுமில்லை. ஆனால் அது நான் அதுவரை அறிந்த பயம் இல்லை. பாறைக்கு என் உடை தெரியாது. வெயில் நான் தனியாக வந்தேனா என்று பார்ப்பதில்லை. கால் தவறினால் ஆணும் விழுவான், பெண்ணும் விழுவாள். விழுந்த பிறகு ‘இவள் ஏன் அந்த நேரத்தில் அங்கே போனாள்’ என்று பாறை கேட்காது; மனிதர்கள்தான் கேட்பார்கள்.

1928இல் பெஸ்ஸி ஹைட் என்ற இளம்பெண் புதுக் கணவர் கிளென்னோடு ஒரு மரப்படகில் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யனைக் கடக்கக் கிளம்பினாள். முடித்திருந்தால் அதைச் செய்த முதல் பெண்ணாக அறியப்பட்டிருப்பாள். படகு கவிழாமல், சாமான்களோடு மிதந்துகொண்டிருக்கக் கண்டுபிடித்தார்கள். இருவரும் கிடைக்கவில்லை. கிளென் ஆற்றில் போனான் என்று உலகம் நம்பியது. பெஸ்ஸியைப் பற்றி மட்டும் கதைகள் முளைத்தன: கணவனைக் கொன்றுவிட்டுத் தப்பித்தாள், வேறு பெயரில் வாழ்ந்தாள் என்று. ஒரு பெண் ஆற்றில் இறங்கி ஆற்றாலேயே இறந்திருக்கலாம் என்பதை ஏற்றுக்கொள்வது அவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது.

பத்து வருடம் கழித்து, 1938இல், எல்ஸாடா குளோவர், லோயிஸ் ஜாட்டர் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் அதே ஆற்றில் போய்க் கரைசேர்ந்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து செடிகளைப் பட்டியலிட வந்தவர்கள். ஒருவருக்கு 41 வயது, மற்றவருக்கு 24. செய்தித்தாள்களுக்கு அவர்களுடைய செடிகளைவிட அவர்கள் பெண்கள் என்பதே செய்தியாக இருந்தது. குழுவுக்குச் சமைக்கும் வேலையும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. சுழலைக் கடந்து வந்தாலும் அடுப்பு காத்திருந்தது. ஆனாலும் அவர்கள் சேகரித்ததை 1944இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அணைகள் அந்த ஆற்றை முழுமையாக மாற்றுவதற்கு முன் அதன் கரையில் என்னென்ன வளர்ந்தன என்று தெரிந்துகொள்ள இன்றும் அந்தப் பட்டியலைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

பள்ளத்தாக்கு பெண்களுக்கு ஏற்ற இடமில்லை என்று சொன்னவர்கள் சுழலையும் பாறையையும் காட்டினார்கள். 2016 ஜனவரியில் அமெரிக்க உள்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் வெளியிட்ட ஓர் அறிக்கை வேறொன்றைக் காட்டியது. கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் ஆற்றுப் பிரிவில் பாலியல் தொந்தரவு நீண்டகாலமாகத் தொடர்ந்திருக்கிறது என்று அது கண்டறிந்தது. முன்னாள், இந்நாள் பணியாளர்கள் 13 பேர் சேர்ந்து அமைச்சருக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் அந்த விசாரணையே நடந்தது. ஆபத்து இருந்தது உண்மைதான். அது படகுக்குள்ளேயே இருந்தது. இந்த ஆபத்துக்குப் பெண்ணை வீட்டில் வைப்பது தீர்வு என்றால், சுழலில் படகு கவிழ்ந்ததற்காகக் கரையில் நிற்பவளைத் தண்டிப்பதுபோல் ஆகும்.

பெண்களின் சாலைப்பயணம் என்றதும் பலருக்கு 1991இல் வந்த ‘தெல்மா அண்ட் லூயிஸ்’ படம் ஞாபகம் வரும். இரண்டு பெண்கள், ஒரு கார், பின்னால் துரத்தும் போலீஸ், முன்னால் பள்ளத்தாக்கு. சரணடையாமல் காரோடு பாய்கிறார்கள். கதைப்படி அது கிராண்ட் கேன்யன். படம் எடுத்தது யூட்டா மாநிலத்தில். கல்லூரி நாட்களில் அந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்து நாங்கள் கைதட்டியிருக்கிறோம். இப்போதும் எனக்கு அந்தப் படம் பிடிக்கும். ஆனால் பெண்ணின் விடுதலையை ஒரே ஒரு பாய்ச்சலாக, அதோடு எல்லாம் முடிந்துவிடுவதாகக் காட்டுவது யாருக்கு வசதி? பாய்ந்தவள் திரும்பி வந்து கேள்வி கேட்க மாட்டாள். பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்குவது நம் விருப்பம், ஏறுவதோ கட்டாயம். அந்த ஏற்றத்தில் ஒவ்வொரு வளைவிலும் மூச்சு வாங்க நின்று, சொந்தக் காலில் மேலே வந்து சேர்ந்தபோது, இதுவும் ஒரு முடிவுக் காட்சியாக இருக்கலாமே என்று தோன்றியது. படமாக எடுத்தால் சுவாரசியமாக இருக்காது, அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் என் தரப்பு. ஹவாசுபாய் கார்டன்ஸ் நிழலில் உட்கார்ந்திருந்தபோது கண்முன் இருந்தது இன்னொரு தரப்பு.

ஓர் ஓடை, அதன் கரையில் காட்டன்வுட் மரங்கள். அவ்வளவு வறட்சிக்கு நடுவே பச்சை. 2022 வரை அந்த இடத்துக்கு ‘இந்தியன் கார்டன்’ என்று பெயர். ஹவாசுபாய் மக்கள் கேட்டு, அந்த வருடம்தான் மாற்றினார்கள். ஏனென்றால் அது அவர்கள் குடியிருந்து பயிர்செய்த நிலம். 1882இல் அரசு அந்த மக்களைப் பக்கத்துக் கிளைப் பள்ளத்தாக்கில் 518 ஏக்கருக்குள் ஒடுக்கியது. 1919இல் தேசியப் பூங்கா வந்தது. இந்தத் தோட்டத்தில் கடைசியாக இருந்த கேப்டன் பர்ரோ என்பவரை 1928இல் வலுக்கட்டாயமாக வெளியேற்றினார்கள். பெஸ்ஸி ஹைட் காணாமல்போன அதே 1928. அவளைத் தேடினார்கள், இன்றுவரை அவளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார்கள். அவரை யாரும் தேடவில்லை. எங்கே அனுப்பினோம் என்று அனுப்பியவர்களுக்குத் தெரியுமே. பூர்விக நிலத்தில் சுமார் 1,85,000 ஏக்கர் 1975இல் சட்டத்தின் மூலம் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அந்தத் தோட்டம் பூங்காவிடமே இருக்கிறது.

விளிம்பில் நின்று பார்த்தால் தெரியும் சிகரங்களுக்கு விஷ்ணு, சிவன், பிரம்மா என்று பெயர். 1880களில் இங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் தொடங்கிவைத்த வழக்கம் அது. ஆற்றங்கரையில் தெரியும் 170 கோடி ஆண்டுப் பழைய பாறைக்கும் விஷ்ணு பெயர்தான். நம்மூர்க்காரர்கள் இதைப் பார்த்துப் புளகாங்கிதம் அடைவதை நான் கண்டிருக்கிறேன். எங்கோ இருக்கும் கடவுளின் பெயரை வைக்க இடமிருந்த வரைபடத்தில், அங்கேயே வாழ்ந்தவர்கள் வைத்த பெயருக்கு இடமில்லாமல் போனது. பெயர் வைப்பவர் யார், வைக்கப்படுபவர் யார் என்று யோசித்துப் பழகிய பெண்களுக்கு இது புரியாத அரசியல் இல்லை.

1964இல் வந்த அமெரிக்க வனாந்தரச் சட்டம், வனாந்தரம் என்பது மனிதன் தங்காமல் வந்துபோகும் விருந்தாளியாக மட்டுமே இருக்கும் இடம் என்று வரையறுக்கிறது. அழகான வரையறைதான். ஆனால் அப்படிப்பட்ட இடங்கள் பலவற்றில் முதலில் தங்கியிருந்தவர்களை அனுப்பிவிட்டுத்தான் விருந்தாளிக்கு இடம் செய்தார்கள். வீட்டுக் கேள்விகளிலிருந்து விலகி, யாருமற்ற இடத்தில் தனிமை தேடி வந்தவள் நான். அந்த ‘யாருமற்ற’ என்பதே ஒருவர் செய்த வேலை என்றால், என் தனிமையின் கணக்கை யார் கட்டினார்கள்?

பேஜ் அருகிலுள்ள ஆண்டிலோப் கேன்யன் போனபோது இந்தக் கேள்வி கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது. மணற்கல்லை வெள்ளம் அறுத்து உண்டாக்கிய குறுகலான இடுக்கு அது. சில இடங்களில் இரண்டு கையையும் விரித்தால் இரு சுவரும் தொடும். இது நவஹோ நாட்டுக்குச் சொந்தம். நவஹோ வழிகாட்டி இல்லாமல் யாரும் நுழைய முடியாது. வரிசையில் நின்றபோது தோழி என் காதில், “இங்கேயும் ஒருத்தர் கூடவே வரணுமாடி? இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றாள்.

விளையாட்டாகச் சொன்னாலும் கேள்வி சரியானது. வீட்டில் அனுமதி கேட்க மறுக்கிறவள் இங்கே மட்டும் எப்படிக் கேட்கலாம்? இரண்டும் ஒன்றுதானா?

இல்லை என்று நினைக்கிறேன். வீட்டில் கேட்கும் அனுமதி என் உடம்பைப் பற்றியது. என் உடம்பு எங்கே, எப்போது, யாரோடு இருக்கலாம் என்று இன்னொருவர் தீர்மானிப்பது. இங்கே கேட்கும் அனுமதி அவர்களுடைய இடத்தைப் பற்றியது. வீட்டு அனுமதி என் தம்பிக்குத் தேவையில்லை, எனக்கு மட்டும் தேவை. இங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி. காரணமும் கண்முன்னால் இருக்கிறது. 1997 ஆகஸ்ட் 12 அன்று, எங்கோ பல மைல் தள்ளிப் பெய்த மழை திடீர் வெள்ளமாகக் கீழ் ஆண்டிலோப் கேன்யனுக்குள் புகுந்து சுற்றுலா வந்த 11 பேரைக் கொண்டுபோனது. உள்ளே நிற்பவருக்குத் தெரிவது ஒரு கீற்று வானம் மட்டும். அது நீலமாகவே இருக்கலாம். வெள்ளம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரிந்தவர் கூட வருவது காவல் அல்ல.

ஒரு மறுப்பு எழும். ‘என் வீடு, என் விதி’ என்று அப்பாக்களும் கணவர்களும் இதையேதானே சொல்கிறார்கள்? இடத்தின் பெயரால் அனுமதி கேட்பதை ஒப்புக்கொண்டால் அவர்களுக்கும் ஒப்புக்கொள்ள வேண்டாமா? வேண்டாம். அந்த வீட்டில் நான் விருந்தாளி இல்லை. அங்கே பிறந்தேன், அல்லது முப்பது வருடம் சமைத்தேன், கடன் அடைத்தேன். வீட்டுக்காரியை விருந்தாளியாக்கி அனுமதி கேட்க வைப்பதுதான் அங்கே நடக்கும் அநியாயம். ஹவாசுபாய் மக்களுக்கு நடந்ததும் அதேதான்: தங்கள் தோட்டத்திலேயே அவர்கள் வெளியாட்களாக்கப்பட்டார்கள். ஆண்டிலோப் கேன்யனில் நான் உண்மையாகவே விருந்தாளி. விருந்தாளி கதவைத் தட்டுவதில் அவமானம் ஒன்றும் இல்லை.

பூர்வகுடிகளின் வாழ்வில் ஆணாதிக்கமே இல்லை என்று கற்பனை செய்துகொள்ளவும் தேவையில்லை. ஆனால் நிலம் பறிபோனபோது பெண்கள் இழந்தது தனிக்கணக்கு. நவஹோ மக்களிடம் குலம் தாய்வழியாக வருகிறது. எங்கள் வழிகாட்டிப் பெண் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டபோது முதலில் அம்மாவின் குலத்தைத்தான் சொன்னார். ஆடுகள் பெரும்பாலும் பெண்களின் சொத்து. கம்பளி நெய்து சம்பாதித்தவர்களும் அவர்களே. 1930களில் மேய்ச்சலால் மண் அரிக்கிறது என்று சொல்லி மத்திய அரசு அந்த ஆடுகளைப் பெருமளவில் குறைத்தது. பலவற்றைச் சுட்டுத் தள்ளினார்கள். அதிகாரிகள் பேசியது ஆண்களோடு. ஆட்டுக்குச் சொந்தக்காரியைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. ‘யாரைக் கேட்டு?’ என்ற கேள்வியை அன்று கேட்டிருக்க வேண்டியவர்கள் அந்தப் பெண்கள்.

கேன்யன் டி ஷேயில் ‘ஸ்பைடர் ராக்’ என்று ஒரு கல் தூண் இருக்கிறது, சுமார் 240 மீட்டர் உயரம். நெசவைக் கற்றுக்கொடுத்த சிலந்திப் பெண் அதன் உச்சியில் வாழ்வதாக நவஹோ மக்கள் சொல்கிறார்கள். விளிம்பிலிருந்து குனிந்து பார்த்தால் அடியில் வயலும் வீடும் தெரியும். தேசிய நினைவிடம்தான், ஆனால் நிலம் நவஹோ மக்களுடையது; குடும்பங்கள் இன்றும் இறங்கிப்போய்ப் பயிர் செய்கின்றன. 1864இல் அமெரிக்க ராணுவம் இங்கிருந்த பீச் மரத்தோப்புகளை வெட்டி, மக்களை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடத்தியே கொண்டுபோனது. 1868இல் ஓர் ஒப்பந்தத்தின் பேரில் திரும்பி வந்தார்கள். நான் பார்த்த பள்ளத்தாக்குகளில் மிக அழகானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அது காலியாக இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

என் மாணவிகளில் சிலர் இப்போது தனியாகப் பயணம் போகிறார்கள். போவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வருகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். உன் உடம்பை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்ட யாரிடமும் அனுமதி கேட்காதே. சொல்லிவிட்டுப் போ, அது போதும். போகும் இடம் யாருடையது என்று மட்டும் விசாரி. அங்கே யார் இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், அவர்கள் எந்த வழியாக வரச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள். அவர்கள் வராதே என்றால் வராதே. முதல் அனுமதியைக் கேட்க மறுப்பதற்கும் இரண்டாவதைக் கேட்பதற்கும் காரணம் ஒன்றே: யாருடையதோ, முடிவும் அவர்களுடையது.